வீட்டுக்குப் புதிய பின்பால் மெஷின்: எதை வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாய்ந்த மேசையில் இரும்புப் பந்தைத் தட்டி ஆடும் பின்பால் மெஷினை வாங்குவது என்று முடிவு செய்த வீடுகளில் அடுத்து வரும் பேச்சு ஒன்றுதான்: எது? அமெரிக்காவில், பிள்ளைகளோடு இருக்கும் குடும்பங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விலைகள் டாலரில், தோராயமாக. வரியும் லாரிக் கூலியும் தனி.

முதலில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

வீட்டில் யார் மிகக் குறைவாக ஆடத் தெரிந்தவரோ, அவரைப் பார்த்து. நன்றாக ஆடுகிறவர் எந்த மெஷினிலும் தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்வார். ஏழு வயதுப் பிள்ளைக்கும், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டிக்கும் அந்தப் பொறுமை இருக்காது. பந்தை எங்கே அடிக்க வேண்டும் என்பது யாரும் சொல்லித் தராமலே அவர்கள் கண்ணில் பட வேண்டும். அடித்ததும் ஏதாவது நடக்க வேண்டும்.

மெடீவல் மேட்னஸ் என்ற ஆட்டத்தைப் பாருங்கள். பிரையன் எடி வடிவமைத்து 1997-இல் வில்லியம்ஸ் நிறுவனம் வெளியிட்டது. மேசையின் நடுவே, ஆடுகிறவருக்கு நேர் எதிரே ஒரு கோட்டை. அதன் தூக்குப் பாலத்தில் பந்து சில முறை பட்டால் பாலம் கீழே இறங்கும். பின்னால் இருக்கும் கதவையும் இடித்துப் பந்தை உள்ளே அனுப்பினால் கோட்டை குலுங்கிச் சரியும். இடையிடையே மேசைக்குள்ளிருந்து இரண்டு பூதத் தலைகள் எழும்பி நிற்கும், அவற்றையும் அடிக்கலாம். இதற்கு விளக்கம் எதுவும் தேவையில்லை. கோட்டை தெரிகிறது, பந்து கையில் இருக்கிறது, பிள்ளை அடிக்கிறது. வந்து இத்தனை வருடம் ஆகியும் சிகாகோ கேமிங் நிறுவனம் 2015-இலிருந்து இதைப் புதிதாகத் தயாரித்து விற்கிறது என்றால் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து பார்க்க வேண்டியது ஆழம். ஒரே மெஷின்தான் பல வருடம் வீட்டில் நிற்கப்போகிறது. முதல் மாதத்திலேயே எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டால் அது துணி காயப்போடும் இடமாகிவிடும். எளிதாகத் தொடங்கி, போகப் போக விரிகிற விதிகள் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து அமைந்த மெஷின்கள் அதிகம் இல்லை. அதனால்தான் தேர்வு கொஞ்சம் சிரமம்.

இன்று யார் யார் புதிய மெஷின் செய்கிறார்கள்?

பின்பாலின் ஊர் சிகாகோ. காட்லீப், பாலி, வில்லியம்ஸ் என்ற பழைய பெரிய பெயர்கள் எல்லாம் அங்கே வளர்ந்தவை. 1999-இல் வில்லியம்ஸ் பின்பாலை மூடியது. அதே வருடம் சேகாவின் பின்பால் பிரிவை வாங்கி ஸ்டெர்ன் பின்பால் தொடங்கியது. அதன்பின் பத்து வருடத்துக்கு மேல் பெரிய அளவில் தயாரித்தவர்கள் அநேகமாக அவர்கள் மட்டும்தான். இன்றும் அதிகம் விற்பவர்கள் அவர்களே.

2011-இல் தொடங்கிய ஜெர்சி ஜாக் பின்பால், 2013-இல் விசார்ட் ஆஃப் ஆஸ் மெஷினைப் பெரிய வண்ணத் திரையோடு கொண்டுவந்து சந்தையை உசுப்பிவிட்டது. விஸ்கான்சின் மாநிலத்தின் பென்டன் என்ற சிற்றூரில் ஸ்பூக்கி பின்பால் இருக்கிறது. குறைந்த எண்ணிக்கையில், பெரும்பாலும் பேய், திகில் கதைகளை வைத்துச் செய்கிறார்கள். சிகாகோ கேமிங் பழைய வில்லியம்ஸ் ஆட்டங்களை மறுபடி தயாரிக்கிறது. பேரல்ஸ் ஆஃப் ஃபன், மல்டிமார்ஃபிக் என்று இன்னும் சிலரும் உண்டு. முதல் மெஷின் வாங்கும் குடும்பத்துக்கு நான் ஸ்டெர்னையும் ஜெர்சி ஜாக்கையும் சிகாகோ கேமிங்கையும்தான் சொல்வேன். உதிரி பாகம் கிடைப்பதும், கோளாறு என்றால் கேட்க ஆள் இருப்பதும் மற்றவர்களைவிட இங்கே சுலபம்.

ப்ரோ, ப்ரீமியம், லிமிடெட் எடிஷன்: எதற்கு இந்த மூன்று?

ஸ்டெர்ன் அநேகமாக ஒவ்வொரு ஆட்டத்தையும் இப்படி மூன்று விதமாக விற்கிறது. ப்ரோ சுமார் 7,000 டாலர். ப்ரீமியம் 10,000-ஐ ஒட்டி வரும். லிமிடெட் எடிஷன் 13,000 பக்கம். கடைசி இரண்டிலும் ஆட்டம் ஒன்றேதான். லிமிடெட்டில் படங்களும், அலங்காரமும், எண்ணிட்ட தகடும் கூடுதல். சேகரிப்பவர்களுக்கு அது வேண்டியிருக்கும். குடும்பத்துக்கு வேண்டாம்.

யோசிக்க வேண்டியது ப்ரோவா ப்ரீமியமா என்பதை மட்டும். 3,000 டாலர் வித்தியாசத்துக்கு என்ன கிடைக்கிறது என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். 2021-இல் வந்த காட்ஸில்லாவில் வித்தியாசம் கண்ணால் பார்க்கக்கூடியது: ப்ரீமியத்தில் கட்டடம் மாடி மாடியாக இறங்கிச் சரியும், பாலம் இடிந்து தொங்கும். ப்ரோவில் இந்த அசைவுகள் இல்லை. 2019-இல் வந்த ஜுராசிக் பார்க் ப்ரீமியத்தில் டி-ரெக்ஸ் தலையைத் திருப்பி, பந்தை வாயால் கவ்வி எடுக்கும். அதைப் பார்த்த பிள்ளை மெஷினை விட்டு நகராது.

இருந்தாலும் ப்ரோ என்றால் குறைபட்ட சரக்கு என்று எண்ண வேண்டாம். விதிகளில் பெரும்பகுதி ஒன்றுதான். அசையும் பாகங்கள் குறைவு என்பதால் பழுதும் குறைவு. பந்து தடையில்லாமல் ஓடுவதால் ப்ரோவே பிடிக்கும் என்று சொல்லும் நல்ல ஆட்டக்காரர்களும் இருக்கிறார்கள். கையில் 10,000 இருந்து, பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால், மேலே சொன்ன இரண்டு ஆட்டங்களிலும் ப்ரீமியம் வாங்கலாம். மற்ற பெரும்பாலான ஆட்டங்களுக்கு ப்ரோ போதும். மிச்சப் பணத்தில் பராமரிப்புச் சாமானையும் வாங்கி, குடும்பத்தோடு ஒரு நல்ல பயணமும் போய் வரலாம்.

சரி, நேராகச் சொல்லுங்கள். எந்த ஆட்டம்?

பத்து வயதுக்குள் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு என் முதல் பரிந்துரை ஜுராசிக் பார்க். டைனோசர் என்றால் எல்லா வயதுக்கும் புரியும். மாட்டிக்கொண்ட ஆட்களை மீட்க வேண்டும், தப்பி ஓடிய டைனோசரைப் பிடிக்க வேண்டும், கதை அவ்வளவுதான். இதையும் காட்ஸில்லாவையும் வடிவமைத்த கீத் எல்வின், உலகப் போட்டிகளில் வென்ற ஆட்டக்காரராக இருந்து வடிவமைப்பாளர் ஆனவர். அடித்த பந்து ஒரு வளைவில் ஏறிச் சுற்றி, அடுத்த அடிக்குத் தோதாக, பந்தைத் தட்டும் துடுப்பான ஃபிளிப்பருக்கே வந்து சேர்கிற சுகம் அவருடைய மெஷின்களில் இருக்கும். சின்னவர் டி-ரெக்ஸை அடிப்பார். பெரியவர் பல வருடம் ஆடியும் கடைசிக் கட்டத்தைப் பார்த்திருக்கமாட்டார். ஒரு வீட்டுக்கு இதைவிட நல்ல பொருத்தம் எனக்குத் தெரியவில்லை.

காட்ஸில்லா அதற்கு இணை. சிலருக்கு அதற்கும் மேல். ஆனால் ஒரே நேரத்தில் திரையில் நடக்கிற விஷயம் அதிகம். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த வீட்டுக்கு அது.

பணம் தடையில்லை என்றால், வீட்டில் ஹாரி பாட்டர் படித்து வளர்ந்த பிள்ளைகள் இருந்தால், ஜெர்சி ஜாக் 2025-இல் வெளியிட்ட ஹாரி பாட்டரைப் போய் ஆடிப் பாருங்கள். அந்த நிறுவனத்தின் மெஷின்களில் விளக்கும் ஒலியும் திரையும் ஸ்டெர்னைவிடச் செழிப்பாக இருக்கும். விலையும் அப்படித்தான்: 10,000 சுமாரில் தொடங்கி 15,000 வரை போகும். அதே நிறுவனத்தின் டாய் ஸ்டோரி 4 (2022), சிறு பிள்ளைகளுக்குப் பயமில்லாத, வெளிச்சமான ஆட்டம். பேட் லாலர் வடிவமைத்தது. 1992-இல் வந்து 20,000-க்கும் மேல் விற்ற ஆடம்ஸ் ஃபேமிலி அவர் கைவண்ணம்தான்.

பாட்டி தாத்தாவும் ஆட வேண்டும், சட்டென்று புரிய வேண்டும் என்றால் மெடீவல் மேட்னஸ், அல்லது அட்டாக் ஃப்ரம் மார்ஸ். இரண்டாவதில் நடுவில் ஒரு பறக்கும் தட்டு. அடி வாங்கினால் ஆடி நடுங்கும், சுற்றிலும் நிற்கும் பச்சை நிறச் செவ்வாய்க்காரர்கள் குதிப்பார்கள். இரண்டும் மறுதயாரிப்பில் கிடைத்தவை. இப்போது எது இருப்பில் இருக்கிறது என்று விற்பனையாளரிடம் கேளுங்கள்.

டீனேஜ் மியூட்டண்ட் நிஞ்சா டர்டில்ஸ் (2020) படம் பிடித்த பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல ஆட்டம், ஆனால் பந்து சீக்கிரம் கீழே போய்விடும் என்று பெயர் எடுத்தது. அமைப்புகளை இளக்கினால் சரியாகிவிடும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஒவ்வாத பேச்சு, படம் எல்லாம் இருக்குமா?

சிலவற்றில் இருக்கும். எல்வைரா, டெக்சாஸ் செயின்சா, ஏலியன், பல்ப் ஃபிக்ஷன் போன்றவை பெரியவர்களுக்கானவை. டெட்பூல் நகைச்சுவையாக இருந்தாலும் வாய் கொஞ்சம் நீளம். பல மெஷின்களின் அமைப்புப் பட்டியலில் பேச்சை அடக்கி வைக்க வழி உண்டு. ஆனால் பேச்சைக் குறைத்தாலும் மேசையில் வரைந்த படம் மாறாது. வாங்குமுன் மேசையின் படத்தைப் பெரிதாக்கி, மூலை முடுக்கெல்லாம் பாருங்கள். கூடத்தில் வைக்கப்போகும் பொருள். விருந்தாளி வந்தால் துணி போட்டு மூடும்படி இருக்கக் கூடாது.

வாங்குமுன் ஆடிப் பார்ப்பது அவசியமா?

அவசியம். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். காணொளியில் பார்க்கிற பின்பாலும் கையால் ஆடுகிற பின்பாலும் வேறு. பந்தின் எடை 80 கிராம். அது ஃபிளிப்பரில் வந்து விழும்போது விரல் நுனிக்கு ஒரு சேதி வரும். அது பிடித்ததா இல்லையா என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பின்பால் மேப் என்ற இணையதளத்தில் உங்கள் ஊரைப் போட்டால் எந்தக் கடையில் எந்த மெஷின் இருக்கிறது என்று காட்டும். கலிஃபோர்னியாவில் அலமீடாவின் பசிபிக் பின்பால் அருங்காட்சியகம், லாஸ் வேகாஸின் பின்பால் ஹால் ஆஃப் ஃபேம் போன்ற இடங்களில் பல காலத்து மெஷின்களை ஆடலாம். சிகாகோ பக்கம் 1985-இலிருந்து நடக்கும் பின்பால் எக்ஸ்போவில் புது வரவுகள் வரிசையாக நிற்கும்.

குடும்பத்தோடு போங்கள். போனதும் எதையும் விளக்காதீர்கள். பிள்ளையை ஒரு மெஷின் முன்னால் நிறுத்தி, காசு போட்டுக் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மூன்று பந்தும் போன பிறகு பிள்ளையின் கை எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். ஸ்டார்ட் பொத்தானுக்குப் போனால் அந்த மெஷினைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களைத் திரும்பிப் பார்த்து "அடுத்தது எது?" என்று கேட்டால் விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் மனதில் வைத்திருந்தது ஒன்று. பிள்ளைகள் மறுபடி மறுபடி போய் நின்றது வேறொன்றின் முன்னால். வாங்கியது பிள்ளைகள் நின்றதைத்தான்.

எவ்வளவு இடம் வேண்டும்?

ஸ்டெர்ன் மெஷினின் நீளம் சுமார் 55 அங்குலம், அகலம் 27 அங்குலம், உயரம் 75 அங்குலத்துக்குச் சற்று மேல். எடை 250 பவுண்டு அளவில். ஜெர்சி ஜாக் மெஷின்கள் இன்னும் கனம். முன்னால் ஆள் நிற்க மூன்றடி விடுங்கள். பக்கத்துச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஃபிளிப்பர் பொத்தான் இரண்டு பக்கமும் இருப்பதால் முழங்கைக்கு இடம் வேண்டும்.

திரை இருக்கும் பின்பக்கப் பெட்டி மடங்கும், கால்களைக் கழற்றலாம்; அதனால் பெரும்பாலான கதவுகளில் நுழைந்துவிடும். அடித்தள அறைக்கு இறக்குவதாக இருந்தால் படிக்கட்டின் திருப்பத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். ஜன்னலுக்கு எதிரே வைத்தால் கண்ணாடியில் வெளிச்சம் பட்டுப் பந்தே தெரியாது.

சத்தம் தாங்குமா?

பேச்சையும் பாட்டையும் குறைக்கலாம். முன்பக்கத்தில் காசு போடும் இடத்தில் உள்ள காசுக் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் பொத்தான்களிலேயே ஒலியைக் கூட்டிக் குறைக்க முடியும். பாகங்களை இயக்கும் மின்காந்தச் சுருள்களான காயில்கள் அடிக்கும் சத்தத்தை மட்டும் குறைக்க முடியாது. அது இரும்பும் மின்சாரமும். மாடியில் மரத்தரையில் வைத்தால் கீழ் அறைக்கு டக் டக் என்று கேட்கும். காலுக்கு அடியில் கனமான ரப்பர் மெத்தை போட்டால் ஓரளவு அடங்கும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் தரைத்தளம் இல்லாத வீட்டில் இரவு ஆட்டத்தை மறந்துவிடுங்கள். ஹெட்ஃபோன் இணைப்பு சில மெஷின்களிலேயே இருக்கும், சிலவற்றுக்குத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். ஆனால் கீழ் வீட்டுக்காரருக்குக் கேட்பது காயில் சத்தம்தானே.

சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி இளக்க முடியுமா?

நன்றாகவே முடியும். புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். மெஷின் தொழிற்சாலையிலிருந்து வரும்போது கடையில் காசு சம்பாதிப்பதற்கான கணக்கில் வருகிறது. வீட்டில் அந்தக் கணக்கு தேவையில்லை.

காசுக் கதவுக்குள் இருக்கும் பொத்தான்களால் பட்டியலுக்குள் போங்கள். காசில்லாமல் ஆடும் ஃப்ரீ ப்ளேயை முதலில் போடுங்கள். ஸ்டெர்னில் எளிது, மிக எளிது, வீட்டு ஆட்டம் என்று தயாராக வைத்திருக்கும் தொகுப்புகள் உண்டு; ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பல அமைப்புகள் ஒரேயடியாக மாறிவிடும். ஆட்டத்துக்கு மூன்று பந்து என்பதை ஐந்தாக்கலாம். பந்து உடனே கீழே போனால் திருப்பித் தரும் பால் சேவ் நேரத்தை நீட்டலாம்.

கையால் செய்யக்கூடியதும் உண்டு. இரண்டு ஓரத்திலும் பந்து தப்பி விழும் அவுட்லேன் வழியில், ரப்பர் மாட்டிய ஒரு சின்னத் தூணை இடம் மாற்ற ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருக்கும் பல மெஷின்களில். வழி குறுகும்படி மாற்றினால் பிள்ளைகளின் ஆட்டம் நீளும். மேசையின் சாய்வு வழக்கமாக 6.5 பாகை. பின் கால்களின் திருகைச் சற்று இறக்கினால் பந்து மெதுவாக உருளும். ஆனால் ரொம்பவும் தட்டையாக்கிவிடாதீர்கள். பந்து தூங்கி வழியும், வளைவுகளில் அடிக்கிற சுகமும் போய்விடும்.

பிள்ளைக்கு நாற்காலி வேண்டாம், அகலமான, ஆடாத ஒற்றைப் படி வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்து நின்று ஆடும் அளவுக்கு அகலம் இருக்கட்டும்.

எல்லோரும் சேர்ந்து ஆட முடியுமா?

முறை போட்டு நான்கு பேர் ஆடலாம், எல்லா மெஷினிலும். இதைவிட வீட்டுக்கு அருமையானது சேர்ந்து ஆடும் முறை. ஸ்டெர்ன் நிஞ்சா டர்டில்ஸில் அதைக் கொண்டுவந்தது; பிறகு வந்த சில ஆட்டங்களிலும் இருக்கிறது. அண்ணன் விட்ட இடத்திலிருந்து தங்கை தொடரலாம், மதிப்பெண் ஒன்றாகச் சேரும். வயது வித்தியாசம் அதிகமுள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அழுகையும் கோபமும் பாதியாகக் குறையும். வாங்கப்போகும் ஆட்டத்தில் இந்த முறை இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

2021-இலிருந்து ஸ்டெர்ன் மெஷின்களில் இன்சைடர் கனெக்டெட் என்ற வசதியும் உண்டு. மெஷினில் உள்ள சிறு கேமராவிடம் உங்கள் க்யூஆர் குறியீட்டைக் காட்டினால் ஆட்டம் உங்கள் பெயரில் பதிவாகும். ஒவ்வொருவரும் எதுவரை போனார்கள் என்று கணக்கு இருக்கும். வைஃபை வழியாக மென்பொருள் புதுப்பிப்பும் வந்துவிடும்.

புதிதாக வெளிவந்த ஆட்டத்தை உடனே வாங்கலாமா?

பொறுங்கள். இன்றைய பின்பாலில் பாதி மென்பொருள். வெளியாகும் நாளில் அது பெரும்பாலும் முடிந்திருக்காது. விதிகளும் காட்சிகளும் ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேலாக, வந்துகொண்டே இருக்கும். முதல் தொகுதியில் தெரியும் இயந்திரக் கோளாறுகள் அடுத்த தொகுதியில் திருத்தப்படும். ஒரு வருடம் கழித்து வாங்கினால் முழு ஆட்டம் கிடைக்கும், நாலு பேர் அனுபவமும் தெரிந்திருக்கும். நன்றாக விற்கும் ஆட்டங்களை ஸ்டெர்ன் மறுபடி மறுபடி தயாரிப்பதால் தீர்ந்துவிடுமோ என்று பதற வேண்டாம்.

ஸ்பூக்கி கதை வேறு. ஸ்கூபி-டூவுக்கு அவர்கள் வைத்த எண்ணிக்கை 1,969. அந்தக் கார்ட்டூன் தொடங்கிய வருடம். தீர்ந்தால் தீர்ந்ததுதான். பிள்ளைகளுக்கு ஏற்ற ஆட்டம் அது, ஆனால் கிடைத்தால்தான் உண்டு.

முன்பணம் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இதுவரை ஒரு மெஷினைக்கூட வாடிக்கையாளருக்கு அனுப்பியிராத நிறுவனத்துக்கு முழுத்தொகையை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். இந்தத் தொழிலில் அப்படிக் கொடுத்து இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

விலை குறைவான வீட்டு மாடல், திரைப் பின்பால் எல்லாம் எப்படி?

ஸ்டெர்ன் வீட்டுக்கென்றே சிறிய மாடல்கள் செய்திருக்கிறது. ஜுராசிக் பார்க், ஸ்டார் வார்ஸ் பெயர்களில், 5,000 டாலர் அளவில். எடை குறைவு, தூக்குவது சுலபம். ஆனால் மேசையில் பாகங்கள் குறைவு, விதிகளும் குறைவு. பிள்ளைகள் சீக்கிரம் கடந்துவிடுவார்கள். இன்னும் 2,000 சேர்த்தால் முழு ப்ரோ கிடைக்கும் என்னும்போது, காத்திருந்து சேர்ப்பதே நல்லது.

திரையில் பந்து ஓடும் மெஷின்களில் நிறைய ஆட்டங்கள் கிடைக்கும், பழுது அதிகம் இல்லை, விலையும் பல மடங்கு குறைவு. இடமும் பணமும் இல்லாதவர்களுக்கு அது மோசமில்லை. இரும்புப் பந்தின் எடை மட்டும் அதில் இல்லை.

பராமரிப்பு எவ்வளவு வேலை?

பயப்படும் அளவுக்கு இல்லை. அறவே தொடாமலும் இருக்க முடியாது. வீட்டு ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மேசையைத் துடைத்து மெழுகு போட்டால் போதும். கர்நாபா மெழுகு, மெல்லிய நுண்ணிழைத் துணி. மெழுகு போட்ட மேசையில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடுவதை முதல் அடியிலேயே உணர்வீர்கள்.

செய்முறை இப்படி. காசுக் கதவைத் திறந்து உள்ளே கை விட்டால் ஒரு நெம்புகோல் தட்டுப்படும். அதைத் தள்ளினால் முன்பக்க உலோகச் சட்டம் கழன்று வரும். பிறகு கண்ணாடியை உங்கள் பக்கமாக மெல்ல இழுக்கலாம். இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். அது டெம்பர்டு கண்ணாடி. தட்டையாக எவ்வளவோ தாங்கும், ஆனால் அதன் ஓரம் டைல் தரையில் லேசாக இடித்தாலே மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். முன்னதாகவே சோபாவிலோ கம்பளத்திலோ இடம் ஒழித்துவிட்டு அப்புறம் உருவுங்கள். பிள்ளைகள் செருப்போடு இருக்கட்டும். மேசையைத் தூக்கி நிறுத்துவதாக இருந்தால் அதற்குமுன் பந்துகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உருண்டு விழுந்து எதையாவது உடைக்கும்.

முதல் சில வாரத்தில் அதிர்வில் திருகுகள் தளரும். ஒரு நட் டிரைவர் தொகுப்பு வாங்கி, தளர்ந்ததை இறுக்குங்கள். மரத்தில் இறங்கும் திருகுகளை அளவுக்கு மீறி முறுக்க வேண்டாம். ஃபிளிப்பர் ரப்பரில் கீறலோ கறுப்போ தெரிந்தால் மாற்றுங்கள், சில டாலர்தான். பந்தை விரலில் உருட்டிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டும். சொரசொரப்பு தட்டினால் புதிது போடுங்கள், தேய்ந்த பந்து மேசையையே தேய்க்கும்.

புது மேசையில் குழி குழியாகத் தெரிகிறதே, பழுதா?

இல்லை. மேசை மரம், அதன்மேல் இரும்புப் பந்து துள்ளி விழுகிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரியும். ஆட ஆட அவை ஒன்றோடொன்று கலந்து சமமாகிவிடும். மேல்பூச்சு தூணைச் சுற்றி உரிந்து எழும்பினால் மட்டும் படம் எடுத்து விற்பனையாளருக்கு அனுப்புங்கள்.

மின்சாரம் தாக்கும் ஆபத்து?

ஸ்டெர்னின் இன்றைய மெஷின்களில் காயில்கள் 48 வோல்ட்டில் ஓடுகின்றன. காசுக் கதவைத் திறந்தாலே அந்த மின்சாரம் துண்டிக்கப்படும். அப்படியும் உள்ளே கை வைக்குமுன் சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள், ஏனென்றால் வீட்டு மின்சாரம் வந்து சேரும் பெட்டியும் உள்ளேதான் இருக்கிறது. கதவுச் சாவி பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

இந்தியாவில் இருக்கும் வீட்டுக்கு வாங்கி அனுப்பலாமா?

அனுப்பலாம், செலவு கூடும். கப்பல் கூலி, சுங்கம், துறைமுகத்திலிருந்து வீடு வரை என்று விலையோடு கணிசமாகச் சேரும். ஆர்டர் கொடுக்கும்போதே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் நாட்டுக்கு என்று சொல்லிவிடுங்கள். பக்கத்தில் மெக்கானிக் கிடைப்பது அரிது என்பதால் அசையும் பாகம் குறைந்த ப்ரோவே நல்லது. கூடவே ரப்பர், பந்து, ஃப்யூஸ், ஒன்றிரண்டு ஃபிளிப்பர் காயில் எல்லாம் அதே பெட்டியில் வரட்டும். கடற்கரை ஊர் என்றால் உப்புக் காற்றில் உலோகம் துருப்பிடிக்கும். ஜன்னல் மூடிய, குளிர்சாதன அறையில் வையுங்கள்.

டெலிவரி நாளில் என்ன செய்ய வேண்டும்?

விற்பனையாளரிடம் முன்கூட்டியே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: லாரி வாசலோடு போய்விடுமா, வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தித் தருவார்களா? வாசலோடு என்றால் லாரியில் பின்புற லிஃப்ட் இருக்க வேண்டும், உங்களுக்கு பலமான இன்னொரு ஆளும், பட்டை கட்டிய தள்ளுவண்டியும் வேண்டும். உள்ளூர் விற்பனையாளர் கொண்டுவந்து கால் மாட்டி, சாய்வு சரிசெய்து கொடுப்பதாகச் சொன்னால், விலை சில நூறு டாலர் கூடுதலாக இருந்தாலும் அவரிடமே வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு சுவிட்ச் வேலை செய்யவில்லை என்றால் ஃபோனை எடுக்கப்போகிறவர் அவர்தான்.

பெட்டி இறங்கியதும் நான்கு பக்கமும் பாருங்கள். ஓட்டையோ நசுங்கலோ இருந்தால் படம் எடுத்து, கையெழுத்துப் போடும் ரசீதிலேயே அதை எழுதுங்கள். எழுதாமல் கையெழுத்துப் போட்டால் பிறகு இழப்பீடு கேட்பது கஷ்டம். பின்பக்கப் பெட்டியை நிமிர்த்தித் தாழ்ப்பாள் போட்ட பிறகே மெஷினைப் போடுங்கள். போட்டதும் திரையில் சுவிட்ச் பற்றி எச்சரிக்கை ஏதும் வருகிறதா என்று பாருங்கள். பந்துகளை இன்னும் உள்ளே போடாததால்கூட அது வரும். அமைக்கும் சாமான் பையையும் சாவியையும் காசுப் பெட்டிக்குள் தேடுங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும்.